வாங்கின வண்டி விற்பனைக்கு நிற்க ஏன் இத்தனை நாள்? யார்டு ரீகண்டிஷன் கணக்கு

#1 கோவை_யார்டு

வணக்கங்க. பழைய கார் வாங்கி, சரி பண்ணி (ரீகண்டிஷன்) விக்கிற யார்டுங்க. மாசம் சராசரியா 38 வண்டி உள்ள வருது, ஏறக்குறைய அதே அளவு வெளிய போகுது. இன்னைக்குத் தேதிக்கு 22 வண்டி விற்பனைக்கு நிறுத்த முடியாம கிடக்கு. மெக்கானிக் ரெண்டு பேர் உள்ளேயே இருக்காங்க. டிங்கரிங், பெயிண்ட் வெளிக்கடை. வாஷ், இன்டீரியர் க்ளீனிங் உள்ளேயே நடக்குது. கூகுள் ஷீட் ஒண்ணு ஓடுது: வண்டி நம்பர், வாங்கின தேதி, செலவு, நிலவரம். நிலவரம்ங்கிற கட்டத்துல 22-க்கும் "வேலையில்"னு ஒரே வார்த்தைதான் இருக்கு.

எந்தெந்த நிலையைப் பிரிச்சு எழுதணும், யார் எழுதணும், காலையில எந்த எண்ணைப் பார்க்கணும்? ஆப் வாங்கச் சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க.

#2 கணக்குப்பிள்ளை

ஆப் பற்றிப் பிறகு. கையில் இருக்கும் இரண்டு எண்களே முதல் பதிலைச் சொல்லிவிடும். ஒரு வரிசையில் சராசரியாக எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதால் வகுத்தால், ஒருவர் சராசரியாக எத்தனை நாள் நிற்கிறார் என்பது கிடைக்கும். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த கணக்கு இது. பேங்க் கவுன்டருக்கும் பொருந்தும், யார்டுக்கும் பொருந்தும்.

மாதம் 38 என்றால் நாளைக்கு 1.27 வண்டி. 22-ஐ 1.27-ஆல் வகுத்தால் 17 நாள் சொச்சம். ஆக, இன்று வாங்கும் வண்டி இன்னும் இரண்டரை வாரம் கழித்துத்தான் வாடிக்கையாளர் கண்ணில் படும்.

இதையே 8 நாளாகக் குறைத்தால் வேலையில் நிற்பது 10 வண்டி ஆகிவிடும். வண்டி சராசரி நாலரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், 12 வண்டியின் பணம், 54 லட்சம், கைக்குத் திரும்புகிறது. வட்டி 18 சதவீதம் என்றால் நாலரை லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி சுமார் 222 ரூபாய். 22 வண்டிக்கு நாளொன்றுக்கு 4,880. பட்டறைக் கூலியில் ஐந்நூறு ரூபாய் பேரம் பேசும் முதலாளிகள் இந்த 4,880-ஐக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

நிலவரத்தில் "வேலையில்" என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். அந்த 17 நாளில் பெரும்பகுதி வண்டி மேல் யாருடைய கையும் இருக்காது, எதற்கோ காத்துக்கிடக்கும். அதனால் நிலவரத்துக்குக் காத்திருப்பின் பெயரையே வையுங்கள்:

செக்கிங்குக்கு / ஒப்புதலுக்கு / பார்ட்ஸுக்கு / மெக்கானிக்குக்கு / வெளிக்கடைக்கு / வெளிக்கடையில் இருந்து திரும்புவதற்கு / க்ளீனிங்குக்கு / கடைசி செக்கிங்குக்கு / போட்டோவுக்கு.

ஒவ்வொன்றுக்கும் மூன்று நேரம்: அந்த நிலைக்கு வந்த நேரம், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம். தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். பக்கத்தில் ஒருவர் பெயர். "மெக்கானிக் டீம்" என்று எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

கடிகாரம் ஓட ஆரம்பிப்பது வண்டி யார்டுக்குள் நுழைந்த நேரம் அல்ல, விற்றவருக்குப் பணம் போன நேரம். நாமக்கல்லில் வாங்கிய வண்டியை எடுத்துவர ஆள் இல்லாமல் நாலு நாள் நின்றால் அதுவும் உங்கள் வட்டிதான்.

#3 ஸ்கேனர்_கை

மேலே சொன்னதோடு ஒண்ணு. நாள் இழுக்கிறதுக்கு முதல் காரணம் அரைகுறை செக்கிங். வேலை பாதியில புது வேலை கிளம்பும். மறுபடி எஸ்டிமேட், மறுபடி ஒப்புதல், மறுபடி பார்ட்ஸ். ஒரு தடவை இப்படி ஆனா 3, 4 நாள் போச்சு.

ரேம்ப் மேல ஏத்தி முழு செக்கிங் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வரிசை முக்கியம்:

வாஷுக்கு முன்னாடி, என்ஜின் சூடாகாம இருக்கறப்ப முதல் ஸ்டார்ட். செயின் சத்தம், டீசல் இன்ஜெக்டர் நாக்கிங், புகை எல்லாம் அந்த முதல் பத்து விநாடியிலதான் தெரியும். அடியில வாஷ் அடிச்சுட்டா ஆயில் கசிவு எங்கேன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஓட்டணும்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பேட்டரி வோல்ட். நின்ன நிலையில 12.6 நல்லது. 12.4-க்குக் கீழ இருந்தா சார்ஜ் போட்டு லோடு டெஸ்ட். சார்ஜ் போடாமலே "பேட்டரி போச்சு"ன்னு எழுதாதீங்க.

ஓபிடி ஸ்கேன் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறைப் படிக்கிறது): வர்ற எர்ரரை முதல்ல சேவ் பண்ணுங்க, அழிக்காதீங்க. அதோட "எர்ரர் அழித்தபின் ஓடிய தூரம்"னு ஒரு விவரம் வரும். மீட்டர்ல 72,000, அங்க 14 கிலோமீட்டர்னு காட்டினா, விக்கறதுக்கு முன்னாடி யாரோ துடைச்சிருக்காங்க. ரெடினஸ் மானிட்டரும் (வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சதான்னு காட்டுற விவரம்) முழுசா ஆகாம இருக்கும். ஓட்டினப்புறம் மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. பழைய வண்டி சிலதுல இந்த விவரம் வராது.

டயர்: பட்டன் (டயர் மேல இருக்கற வரிப்பள்ளம்) ஆழம் நாலுக்கும் தனித்தனியா, உள் ஓரம், வெளி ஓரம். சட்டப்படி குறைஞ்சது 1.6 மி.மீ. விக்கிற வண்டிக்கு 3-க்குக் கீழ வெக்காதீங்க. தயாரிப்புத் தேதி நாலு இலக்கம்: 2319-னா 2019-ல 23-ஆவது வாரம்.

பிரேக் டிஸ்க்: குறைந்தபட்ச கனம் டிஸ்க்லயே அடிச்சிருப்பாங்க. வெர்னியர் வெச்சு அளந்து எண்ணை எழுதுங்க. "ஓகே"ன்னு எழுதுறது அளவு இல்ல.

பெயிண்ட் கனம்: கம்பெனி பெயிண்ட் பொதுவா 90-லிருந்து 150 மைக்ரான். 200-க்கு மேல ரீபெயிண்ட். 500 தாண்டினா உள்ள பட்டி (நெளிவை நிரப்புற பூச்சு). கதவு மட்டும் பார்த்தா பத்தாது. ரூஃப், பில்லர், கதவைத் திறந்து உள் விளிம்பு பாருங்க. பிளாஸ்டிக் பம்பர்ல மீட்டர் எதுவும் காட்டாது.

வெள்ளத்துல நின்ன வண்டி: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க, கோடு மாதிரி சேறு தெரியும். சீட் ரெயில் போல்ட் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில ஈரம், கனெக்டர்ல பச்சை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ரெண்டு சென்னை வெள்ளமும் ஞாபகத்துல இருக்கட்டும். அந்த வண்டிகள் பல கை மாறி எந்த ஊருக்கும் வரும்.

சிஎன்ஜி வண்டின்னா சிலிண்டர் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தம் குடுத்துப் பாக்கற சோதனை) தேதி. 3 வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணணும். இதைக் கடைசி நாள்ல கண்டுபிடிச்சா சிலிண்டரைக் கழட்டி அனுப்பி வர்ற வரை வண்டி நிக்கும்.

செக்கிங் ஷீட் கையெழுத்தான அதே மணி நேரத்துல பார்ட்ஸ் விலை, எப்ப வரும்ங்கிற தேதி ரெண்டும் கேட்டிருக்கணும். ஒப்புதல் கேக்கும்போதே அது கூடப் போகணும்.

#4 பட்டிக்கத்தி

எல்லாரும் பெயிண்ட் கடையைத்தான் குத்தம் சொல்வீங்க, அதனால முந்திக்கறேன்.

யார்டுக்காரங்க பண்றது என்னன்னா, திங்கக்கிழமை அஞ்சு வண்டியை மொத்தமாக் கொண்டுவந்து விட்டுட்டு சனிக்கிழமை கேப்பாங்க. கடையில ஒரு நேரத்துல ரெண்டு வண்டிதான் ஓடும். மீதி மூணு எங்க ஷெட்டுல வெயில் காயுது. அதுக்குப் பதில் நாளைக்கு ஒண்ணுன்னு அனுப்பினா ஒவ்வொண்ணும் மூணு நாள்ல திரும்பும். நீங்க குடுக்கற கூலியும் அதேதான், நாங்க பண்ற வேலையும் அதேதான்.

வேலை நேரம் தெரியாமத் தேதி கேக்காதீங்க. ஒரு கதவு, சின்ன நெளிவு: டிங்கரிங் ரெண்டு மணி நேரம், பட்டி போட்டுக் காய வெச்சுத் தேய்க்கறது அரை நாள், பிரைமர், அது காய்ஞ்சு வாட்டர் பேப்பர், மாஸ்கிங், கலர், கிளியர் (கடைசியா மேல அடிக்கற பளபளப்புப் பூச்சு). பூத் (பெயிண்ட் அடிச்சுச் சுடற மூடின அறை) இருந்தா 60 டிகிரியில அரை மணி நேரம் சுட்டுடலாம். பூத் இல்லாத கடைன்னா ராத்திரி முழுக்க விடணும், மறுநாளுக்குள்ள பாலிஷ் வெக்கக் கூடாது. அவசரப்பட்டு ரப்பிங் போட்டா கிளியர் மங்கி, பத்து நாள்ல பேப்பர் போட்ட கோடு வெளிய தெரியும். ஐப்பசி கார்த்திகை மழையில ஈரக்காத்துல ஸ்ப்ரே கன் அடிச்சா கிளியர் பால் மாதிரி வெளுக்கும். அந்த ரெண்டு மாசத்துக்கு ஒரு நாள் கூடப் போட்டு வெச்சுக்கங்க.

எஸ்டிமேட்ல தப்பு எங்க வருதுன்னா பேனல் எண்ணிக்கையில. சில்வர், கிரே மாதிரி மெட்டாலிக் கலர்ல ஒரு கதவை மட்டும் அடிச்சா வெயில்ல தனியாத் தெரியும். பக்கத்துக் கதவுல கலரை மங்கலா இழுத்து, கிளியர் முழுசா அடிக்கணும். நீங்க ஒரு பேனல்னு எழுதுவீங்க, நாங்க ரெண்டுன்னு பில் போடுவோம், அங்க ஒரு சண்டை, அந்தச் சண்டையில ரெண்டு நாள். பேர்ல் ஒயிட் மூணு கோட்டு, அதுக்குத் தனி ரேட்டுன்னு முதல்லயே பேசிக்கங்க. பம்பருக்கு பிளாஸ்டிக் பிரைமர் போட்டாங்களான்னு கேளுங்க, போடலேன்னா ஒரு பிரஷர் வாஷ்ல சில்லு சில்லா உரியும்.

#5 கோவை_யார்டு

நன்றிங்க அண்ணா. அப்ப மெக்கானிக் வேலை முதல்லயா, பெயிண்ட் முதல்லயா? இங்க எது காலியா இருக்கோ அதுக்கு அனுப்பிட்டு இருக்கோம். இன்னொண்ணு, முதலாளி வாரத்துல மூணு நாள் ஏலத்துக்கு வெளியூர் போயிடறாரு. ஒப்புதல் அங்கயே தொங்குது.

#6 ஸ்கேனர்_கை

மெக்கானிக் முதல்ல. ஓட்டிப் பார்த்தப்புறம் கியர்பாக்ஸ் போச்சு, ஹெட் கேஸ்கட் போச்சுன்னா அந்த வண்டியை ரீகண்டிஷன் பண்ணாம இன்னொரு டீலருக்கே தள்ளிடலாம். முன்னாடியே பெயிண்ட் அடிச்சிருந்தா அந்தக் காசு தண்டம். கிரீஸ் கை, பெல்ட் பக்கிள், கழட்டின பம்பர் எல்லாம் புதுப் பெயிண்ட்ல கீறும்.

விதிவிலக்கு ரெண்டு. முன் கண்ணாடி மாத்தணும், பில்லர்லயோ ரூஃப்லயோ பெயிண்ட் வேலையும் இருக்குன்னா, பெயிண்ட் முடிஞ்சுதான் கண்ணாடி. வீல் அலைன்மென்ட் எப்பவும் டயரும் சஸ்பென்ஷனும் முடிஞ்ச கடைசியில. முன்னாடி பண்ணினா ரெண்டு தடவை காசு.

#7 கணக்குப்பிள்ளை

ஒப்புதலுக்கு ஆள் வேண்டாம், வரம்பு போதும். நான்கு படி:

எப்போதும் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல்: என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், பல்பு, லோடு டெஸ்டில் தோற்ற பேட்டரி, அளவுக்குக் கீழே போன பிரேக் பேட். இதற்கு யாரையும் கேட்கக் கூடாது. பட்டியலுக்கு வெளியே 8,000 ரூபாய் வரை செக்கிங் பார்த்தவரே முடிவெடுக்கலாம். அதற்கு மேல் 25,000 வரை மேனேஜர், இரண்டு மணி நேரத்துக்குள். அதற்கும் மேல் போனால்தான் முதலாளி. அவருக்கும் கேள்வி "செய்யலாமா?" என்று போகக் கூடாது. "மொத்தம் 31,400. செய்தால் விலை இவ்வளவு, செய்யாமல் டீலருக்கே விட்டால் இவ்வளவு. எது?" என்று போக வேண்டும். ஏல மைதானத்தில் நின்றுகொண்டே ஒற்றை எழுத்தில் பதில் அனுப்பலாம். தொகைகளை உங்கள் வண்டி விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதிரிக்கு ஒரே ஒரு வண்டியின் வரியை மணியோடு எழுதிக் காட்டுகிறேன். பெட்ரோல் ஸ்விஃப்ட், லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் ரப்பர்) மாற்ற வேண்டும், இடது பக்கம் இரண்டு பேனல் பெயிண்ட்.

செவ்வாய் 11:00 பணம் போனது. மாலை 6:30 யார்டில்.
புதன் 3:00 செக்கிங் தொடக்கம், 4:40 முடிவு.
வெள்ளி 12:10 ஒப்புதல். மாலை 5:00 பார்ட்ஸ் ஆர்டர். சனி மாலை பார்ட்ஸ் வந்தது.
திங்கள் 10:00 மெக்கானிக் தொடக்கம், 2:30 முடிவு.
செவ்வாய் வெளிக்கடைக்குப் போனது. வியாழன் காலை தொடக்கம், சனி மாலை முடிவு.
திங்கள் யார்டுக்குத் திரும்பியது.
செவ்வாய் க்ளீனிங் 4 மணி நேரம்.
புதன் போட்டோ.

15 நாள். செக்கிங், மெக்கானிக், க்ளீனிங் மூன்றும் சேர்த்துப் பத்து மணி நேரம். பெயிண்ட் மூன்று நாள். தாராளமாகப் பார்த்தாலும் நாலரை நாள் வேலை. மீதிப் பத்தரை நாளில் யாரும் சோம்பி உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்புதல் வந்த பிறகு பார்ட்ஸ் ஆர்டர் போக ஏன் ஐந்து மணி நேரம்? சனி மாலை முடிந்த வண்டி ஏன் திங்கள் வரை வெளிக்கடையில்? முடிந்தது என்று சொன்னவர் யார், எடுத்துவர வேண்டியவர் யார்? வண்டி கை மாறும் இடங்களில்தான் எல்லா ஓட்டையும் இருக்கிறது. ஒருவர் "முடிந்தது" என்று எழுதும்போதே அடுத்தவர் பெயரையும் எழுதாமல் அந்தக் கட்டம் மூடக் கூடாது.

#8 ஆர்டிஓ_பேப்பர்

வண்டி வேலையோடு பேப்பர் வேலையை ஒரே நிலவரக் கட்டத்தில் கலக்க வேண்டாம். தனி வரிசையாக, பணம் போன நாளிலிருந்தே ஓடட்டும். லோன் இருந்த வண்டிக்கு பேங்க் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று), லோன் பதிவை நீக்க ஃபார்ம் 35. உரிமை மாற்றத்துக்கு 29, 30. வேறு மாநில வண்டிக்கு 28. நிலுவை சலான். பழைய ஓனரின் ஃபாஸ்டேக் மூடப்பட்டதா. இன்சூரன்ஸ், புகைச் சான்று தேதி. பளபளவென்று தயாரான வண்டி பேங்க் என்ஓசி வராமல் டெலிவரி கொடுக்க முடியாமல் நின்றால், ஷீட்டில் அது "ரெடி" என்றே தெரியும். ஏன் விற்கவில்லை என்று சேல்ஸ்மேன் மேல் கோபப்படுவீர்கள்.

பழைய வண்டி டீலர்களுக்கான விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளர் ஃபார்ம் 29சி மூலம் அரசு போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும். டீலர் கையில் இருக்கும் வண்டிக்குப் பயணப் பதிவேட்டை மின்னணு முறையில் வைக்க வேண்டும்: எதற்காகப் போனது, யார் ஓட்டினார், நேரம், கிலோமீட்டர். டெஸ்ட் டிரைவ், பட்டறைக்கோ பெயிண்ட் கடைக்கோ போய்வருவது போன்ற குறிப்பிட்ட தேவைகளுக்குத்தான் பொதுச்சாலையில் எடுக்கலாம். வெளிக்கடைக்குப் போன நேரம், திரும்பிய நேரம் இரண்டும் இந்தப் பதிவேட்டிலேயே கிடைத்துவிடும். எப்படியும் எழுத வேண்டிய ஒன்று, ஷீட்டில் இன்னொரு முறை தட்டச்சு செய்ய வேண்டாம்.

வரியும் இதில் வருகிறது. பழைய வண்டியின் மார்ஜின் மேல் ஜிஎஸ்டி 2025 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். மார்ஜின் என்பது விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம். ரீகண்டிஷன் செலவு அதில் கழியாது. 4,00,000-க்கு வாங்கி, 35,000 செலவழித்து, 4,80,000-க்கு விற்றால் கையில் நிற்பது 45,000. வரி 80,000-க்கு, அதாவது 14,400. விலையில் வரியைச் சேர்த்துப் பேசினீர்களா என்பதைப் பொறுத்துத் தொகை சற்று மாறும். வண்டி வாரியாகச் செலவு எழுதாத யார்டுக்கு எந்த வண்டியில் நஷ்டம் என்பது ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும்.

#9 மறுசெக்கிங்

நாளைக் குறைக்கும் ஆர்வத்தில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். 17-ஐ 8 ஆக்கச் சொல்லி நெருக்கினால் ஆட்கள் செய்யும் முதல் காரியம், கடைசி செக்கிங்கைக் கண்ணால் பார்த்து டிக் அடிப்பது. எண் அழகாக இறங்கும், டெலிவரி ஆன வண்டி ஒரு வாரத்தில் திரும்பி வரும்.

நாளோடு சேர்த்து இன்னொரு எண்ணும் எழுதுங்கள்: கடைசி செக்கிங்கில் முதல் தடவையிலேயே தேறிய வண்டிகள் பத்துக்கு எத்தனை. தேறாத வண்டி எந்த வேலைக்குத் திரும்பிப் போனது என்பதையும் சேர்த்து. அது "மெக்கானிக்குக்கு" என்று பழைய கட்டத்துக்கே போனால் புது வேலை போலத் தெரியும். "மறுவேலை" என்று தனிக் கட்டம் வேண்டும்.

செக்கிங் பார்ப்பவர் வேலை செய்தவராக இருக்கக் கூடாது. குறைந்தது 12 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். 80 வேகத்தில் ஸ்டீயரிங் இழுக்கிறதா, வேகத்தடையில் கீழே சத்தமா, மேட்டில் ரிவர்ஸில் கிளட்ச் நழுவுகிறதா, நெரிசலில் நிற்கும்போது ஏசி காற்று 10 டிகிரி பக்கம் வருகிறதா என்று தெர்மாமீட்டர் வைத்து. திரும்பி வந்ததும் ஓபிடி மறு ஸ்கேன்.

"ரெடி" ஆன வண்டியும் கெட்டுப்போகும், அந்தக் கடிகாரத்தையும் ஓட விடுங்கள். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பேட்டரி போதுமான அளவு ஏறாது. வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ஓட்டுங்கள், இல்லை சார்ஜர் போடுங்கள். டயர் காற்று, டிஸ்க் துரு, எலி கடித்த வயர். புதுக் கிளியர் மேல் காக்கை எச்சம் ஒரு நாள் வெயிலில் காய்ந்தால் கறை உள்ளே இறங்கிவிடும்.

#10 கோவை_யார்டு

சரிங்க. எல்லாம் புரியுது. ஆனா எழுதறது யாருங்க? மெக்கானிக் போன்ல ஷீட்டைத் திறந்து மணி போடுவாருன்னு நம்பிக்கை இல்ல.

#11 கணக்குப்பிள்ளை

போட மாட்டார், போடச் சொல்லவும் வேண்டாம். சாவி இல்லாமல் வண்டி நகராது, ஆகவே சாவியை வைத்தே கணக்கு வையுங்கள். சுவரில் ஒரு பலகை, நிலைக்கு ஒரு வரிசை கொக்கி. சாவியில் வண்டி நம்பர் டேக். வேலை முடிந்தால் அடுத்த வரிசையில் சாவியை மாட்ட வேண்டும். மெக்கானிக் செய்ய வேண்டியது அவ்வளவுதான். பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவர், பெரும்பாலும் சாவி கொடுத்து வாங்கும் பையன், நகர்ந்த சாவிகளின் மணியை ஷீட்டில் போடுவார். வெளிக்கடைக்குப் போன வண்டிக்கு இரண்டாவது சாவி பலகையில் தொங்கட்டும். ஒற்றைச் சாவி வண்டி என்றால் சிவப்பு டேக் மட்டும்.

காலையில் பத்து நிமிடம், பலகை முன்னால் நின்றபடி. சராசரியைப் பார்க்க வேண்டாம், அது மாதக் கடைசிக்கு. எந்த வண்டி தன் நிலையில் 48 மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அந்த வண்டிக்கு இன்று யார் என்ன செய்வார் என்று பெயர் சொல்லிவிட்டுக் கலையுங்கள். 40, 50 வண்டி வரை இதற்கு ஆப் தேவையில்லை. இரண்டாவது யார்டு திறந்து, பலகையை ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாத நாள் வரும்போது ஆப் வாங்குங்கள். அப்போது என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

#12 பட்டிக்கத்தி

அந்தப் பலகையில எங்க கடைக்கு மூணு கொக்கி மட்டும் வெச்சாப் போதும் தம்பி. நாலாவது வண்டி இருந்தா உங்க யார்டுலயே நிக்கட்டும், அந்த நேரத்துல க்ளீனிங்காவது நடக்கும். சீட்டுக்கு மட்டும் கவர் போட்டு அனுப்புங்க, பட்டி தேய்ச்ச தூசி உள்ள போகும்.

#13 கோவை_யார்டு

மூணு கொக்கிங்க அண்ணா. ஆனா இப்பவே உங்கள மாதிரி ஒரு கடையில ஏழு வண்டி நிக்குதே, அதுல நாலைத் திருப்பி எடுத்துட்டு வரட்டுங்களா?

#14 பட்டிக்கத்தி

பட்டி போடாததை எல்லாம் எடுத்துட்டு வந்துடுங்க. பட்டி போட்டுப் பிரைமர் அடிக்காததை மழையில நகர்த்தாதீங்க, பட்டி தண்ணியைக் குடிச்சுடும். அப்புறம் மேல என்ன அடிச்சாலும் கொப்பளிக்கும்.